முதுமையும் ஊரும்: வட்டுக்கோட்டை வரலாற்றில் முதியோர் நிலை

முதுமை உடலில் நிகழும் மாற்றம் மட்டுமன்று. தலை நரைப்பதும், பார்வை மங்குவதும், நடை தளர்வதும் எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவானவை. ஆயின் நரைத்தவருக்கு வீட்டில் எந்த இடம் அளிக்கப்படுகிறது, அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு, அவர் பாயிற் படுத்தபின் அருகில் இருப்பவர் யார் என்பன இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் வேறுபடுவன. ஆகவே முதுமைக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் மேற்குப் பகுதியில் அமைந்த வட்டுக்கோட்டை இவ்வரலாற்றை நோக்குதற்கு ஏற்ற ஊராகும். வயலும் பனையும் சூழ்ந்த வேளாண்மைக் கிராமமாக இருந்த இவ்வூர், 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினறியாற் கல்விக்குப் பெயர்பெற்றது. பின்னர் அரசாங்க உத்தியோகத்துக்கும் மலாயாவுக்கும் தன் இளைஞரை அனுப்பியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் போரினாலும் புலப்பெயர்வினாலும் தன் மக்களிற் பலரைக் கடல்கடந்த நாடுகளுக்குக் கொடுத்தது. இக்கால கட்டங்கள் ஒவ்வொன்றிலும் முதியோரின் நிலை மாறியுள்ளது. முதியோர் தம் கையில் எதனை வைத்திருந்தனர் என்பதும், இளையோர் எவ்வளவு அண்மையில் இருந்தனர் என்பதுமே அம்மாற்றத்தைத் தீர்மானித்தன என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலும் உள்ளமும்

முதுமையின் இயல்பைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து நோக்கியுள்ளனர். புறநானூற்றின் 243 ஆம் பாடலைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார், தண்டூன்றித் தளர்ந்து, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் ஒருவர், மடுவிற் பாய்ந்து விளையாடிய தம் இளமையை நினைந்து இரங்குவதைக் காட்டுகிறார். உடலின் தளர்ச்சி, பேச்சின் சுருக்கம், பழைய நினைவின் தெளிவு ஆகிய மூன்றும் அச்சிறு பாடலில் ஒருங்கே அமைந்துள்ளன. அதே தொகையின் 191 ஆம் பாடலிற் பிசிராந்தையார், ஆண்டுகள் பல சென்றும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகிறார். மாண்புடைய மனைவி மக்கள், குறிப்பறிந்த ஏவலர், முறைதவறாத அரசன், தம் ஊரில் வாழும் சான்றோர் என்பனவே அவர் காட்டும் காரணங்கள். மருந்தோ உணவோ அவற்றுள் இடம்பெறவில்லை. மூப்பின் வேகத்தை மனித உறவுகளோடு தொடர்புபடுத்திய இப்பார்வை இன்றைய முதுமையியலுக்கும் உடன்பாடானது.

உடலியல் நோக்கில் முதுமை திடீரென வருவதன்று. நாற்பது வயதளவிற் கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து அண்மையிலுள்ள எழுத்து மங்குகிறது. அதன்பின் கண்புரை படர்கிறது. உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே முதலிற் குறைவதால், பேச்சு காதில் விழுந்தும் சொற்கள் விளங்காத நிலை பலருக்கு ஏற்படுகிறது. தசையின் பருமனும் வலிமையும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குன்றுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு விரைந்து உறுதி இழப்பதால், கிணற்றடியில் நேரும் ஒரு சிறு வழுக்கலும் இடுப்பெலும்பை முறித்துப் படுக்கையில் வீழ்த்திவிடக்கூடும்.

அறிவாற்றலின் போக்கு இதனினும் சிக்கலானது. உளவியலாளர் றேமண்ட் கற்றல் நுண்மதியை இரு கூறாகப் பிரித்தார். புதிய சிக்கலொன்றை விரைந்து அவிழ்க்கும் ஆற்றல் ஒன்று. கல்வியாலும் அனுபவத்தாலும் படிந்து திரண்ட அறிவு மற்றொன்று. முன்னையது இளமை கழிந்தவுடன் குறையத் தொடங்குகிறது. பின்னையதோ அறுபதைக் கடந்தும் நிலைத்து நிற்கிறது. சிலரிடத்து வளரவும் செய்கிறது. யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்தல்' எனும் ஒரே தொடரால் முதுமை மறதி அனைத்தையும் குறிப்பர். மருத்துவம் அதனை வேறுபடுத்திக் காண்கிறது. ஒருவர் பெயரைச் சற்றே தாமதித்து நினைவுகூர்தல் வயதின் இயல்பு. தன் வீட்டுக்குச் செல்லும் வழியையே மறத்தல் நோய். 1906 இல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விவரித்த நோய் பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நினைவிழப்பு நோய்க்குக் காரணமாகி, தடுக்கவும் கூடியவற்றை ஆராய்ந்து 2020 இல் அறிக்கை வெளியிட்ட லான்செற் மருத்துவ ஏட்டின் ஆணைக்குழு, செவிப்புலன் குறைவையும் சமூகத் தனிமையையும் அவற்றுட் சேர்த்திருப்பது குறிப்பிடத்தக்கது. பேச ஆள் இல்லாமை வெறும் மனக்குறையாக நில்லாது மூளையையும் தாக்குகிறது என்பது இதனாற் பெறப்படும்.

முதியோர் தாமாகவே சமூகத்திலிருந்து விலகுகின்றனர் என்றும், சமூகமும் அவர்களை விடுவிக்கிறது என்றும், இவ்விலகல் இயல்பானது என்றும் 1961 இல் எலேன் கமிங், வில்லியம் ஹென்றி ஆகிய அமெரிக்க ஆய்வாளர் வாதிட்டனர். பின்வந்தோர் பலர் இதனை மறுத்தனர். விலகல் இயல்பானதா, அன்றிச் சூழ்நிலையால் விளைவதா என்ற இவ்வினாவை மனத்திற் கொண்டு வட்டுக்கோட்டையின் வரலாற்றை நோக்குதல் பயனுடைத்து.

காணியும் கடப்பாடும்

பழைய யாழ்ப்பாணச் சமூகத்தில் முதியோரின் பலம் நிலத்திலேயே தங்கியிருந்தது. இதற்குத் தேசவழமை சான்றாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706 இல் நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து ஏற்றபின் 1707 இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தனர்.

முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூவகையாகச் சொத்தை வகுக்கும் இத்தொகுப்பு, தலைமுறைகளுக்கிடையிலான கடப்பாட்டையும் வரையறுக்கிறது. பெற்றோர் உயிருடன் உள்ளவரை ஆண்மக்கள் சொத்தில் எதனையும் உரிமையாகக் கோருதல் இயலாது. மணமாகுமுன் அவர்கள் உழைத்துத் தேடிய பொருளும், தாம் அணிந்த நகைகள் நீங்கலாக, குடும்பப் பொதுச் சொத்திற் சேர்தல் வேண்டும். மூப்பினாற் சொத்தைப் பராமரிக்க இயலாத பெற்றோர் தம்மைப் பேணும் பொருட்டு அதனை மைந்தரிடம் ஒப்படைப்பதுண்டு என்பதும், அவ்வாறு பெற்றுக்கொண்டோர் சிலர் தம் கடமையிற் தவறினர் என்பதும் அத்தொகுப்பிலிருந்து அறியக்கிடக்கின்றன. பண்டைக் கூட்டுக்குடும்பத்தில் முதியோர் யாவரும் குறைவின்றி வாழ்ந்தனர் எனக் கருதுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே முதியோர் கைவிடப்படுதல் சட்டம் கவனிக்கத்தக்க சிக்கலாக இருந்திருக்கிறது.

முதியோரும் இதனை அறிந்தே நடந்துள்ளனர். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதும்போது தாம் இறக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு உறுதி முடிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திற் பரவலாயிற்று. அன்பும் அச்சமும் அவ்வுறுதிகளிற் கலந்திருந்தன எனலாம். மணமகன் பெண்வீட்டிற் குடிபுகும் வழக்கம் மிகுந்திருந்தமையால், முதிய பெற்றோர் மகளுடன், பெரும்பாலும் இளைய மகளுடன், தம் பழைய வீட்டிலேயே காலங்கழித்தனர். பழகிய கிணறும், பழகிய கோயிலும், பழகிய அயலும் அவர்களை விட்டு நீங்கவில்லை. பார்வை மங்கியவர்க்கும் நினைவு தளர்ந்தவர்க்கும் பழகிய இடமே பாதி உதவியாகும்.

வேளாண்மைத் தொழிலும் வயதுக்கேற்பப் படிமுறையாக அமைந்திருந்தது. துலா மிதித்தல் இளைஞருக்குரிய வேலை. அதனைச் செய்ய இயலாதவர் பட்டையிறைப்பாரோடு நின்று வாய்க்கால் கட்டுவர். அதுவும் இயலாதபோது கிடுகு பின்னுதல், ஒடியல் காயவிடுதல், மாடு பார்த்தல், பேரப்பிள்ளைகளைக் காத்தல் என வேலைகள் சுருங்குமே தவிர, 'இன்றோடு உன் வேலை முடிந்தது' என ஒருவரும் சொல்லவில்லை. மழையின் குறியும், விதைப்பின் பதமும், எல்லைக் கல்லின் இடமும் முதியோர் நினைவிலேயே இருந்தமையால் அவர்தம் படிந்த அறிவுக்கு அன்றாடத் தேவை இருந்தது.

எனினும் இச்சித்திரம் காணியுடையோரின் சித்திரமே என்பதை மறத்தலாகாது. தேசவழமைத் தொகுப்பில் அடிமைகள் பற்றிய பகுதியும் உண்டு. இலங்கையில் அடிமை முறை 1844 இலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது. அதன்பின்பும் சாதியின் பெயரால் நிலவுரிமை மறுக்கப்பட்ட கூலி உழைப்பாளருக்கும், பனையேறிச் சீவல் தொழில் செய்தோருக்கும் முதுமையில் எழுதிக் கொடுக்க உறுதியும் இல்லை, வைத்துக்கொள்ளச் சீவிய உரித்தும் இல்லை. உடல் ஒன்றே அவர் முதலாக இருந்தமையால் உடல் தளர்ந்தபோது யாவும் தளர்ந்தன. பிள்ளைகளின் அன்றாடக் கூலியிற் பங்கு பெறுவதே அவர்க்கு எஞ்சிய வழி. ஒரே ஊரில் ஒரே வயதினர் இருவரின் முதுமை இருவேறு உலகமாக இருந்தது.

செமினறியும் இளைப்பாற்றுச் சம்பளமும்

1823 இல் டானியல் பூவரை முதல் அதிபராகக் கொண்டு தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி 1855 இல் மூடப்பட்டது. 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தில் எழுந்தது. இந்நிறுவனங்களின் கல்விப்பணி பலராலும் எழுதப்பட்டுள்ளது. அவற்றால் முதுமையின் பொருளே மாறியமை அவ்வளவாக நோக்கப்படவில்லை.

ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்தைத் தந்தது. உத்தியோகம் இளைப்பாற்றுச் சம்பளத்தைத் தந்தது. ஜெர்மனியில் 1889 இலும் பிரித்தானியாவில் 1908 இலும் முதியோர்க்கான பொதுத் திட்டங்கள் சட்டமாகியபோது எழுபது வயதே எல்லையாக வகுக்கப்பட்டது. குடியேற்ற நாடாகிய இலங்கையில் பொதுமக்களுக்கு அத்தகைய திட்டம் இல்லை. அரசாங்க ஊழியரே ஐம்பத்தைந்து வயதளவில் இளைப்பாறி வாழ்நாள் முழுவதும் பணம் பெறும் நிலையில் இருந்தனர். அவர்தம் மனைவி மக்களுக்காக 1898 இல் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியும் அமைக்கப்பட்டது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற யாழ்ப்பாணப் பழமொழி சம்பளத்தை மட்டுமன்றி, சம்பளம் நின்றபின் வரும் காலத்தையும் கருதியதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் சேவையிலும் யாழ்ப்பாணத்தார் பெருமளவிற் சேர்ந்தனர். அங்கிருந்து வந்த காசுக்கட்டளைகள் கல்வீடுகளாகவும் காணிகளாகவும் மாறின. இளைப்பாறி ஊர்திரும்பியோர் 'மலாயன் பென்சனியர்' எனப்பட்டனர். மாதந்தோறும் தவறாது வரும் பணமும், ஆங்கிலம் எழுதும் திறனும், ஓய்வும் ஒருங்கே பெற்ற இவர்கள் கோயிற் சபைகளிலும் பாடசாலைச் சபைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் முன்னின்றனர். நிலத்தை எழுதிக் கொடுத்தபின்னும் கையிற் பணமுள்ள முதியவர் என்ற புதியதொரு வகையினர் இவ்வாறு தோன்றினர். மக்களிடம் கைநீட்டாத முதுமை, மக்களுக்குக் கொடுக்கும் முதுமை என்பன இக்காலத்தின் பேறுகள்.

ஆயின் இம்முறையிற் பின்னாள் துன்பத்தின் வித்தும் இருந்தது. நிலத்தை நம்பிய குடும்பத்தில் மைந்தன் நிலத்தருகே இருந்தாக வேண்டும். உத்தியோகத்தை நம்பிய குடும்பத்தில் மைந்தன் ஊரை விட்டுச் சென்றாக வேண்டும். 1942 இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து மைந்தர் அனுப்பிய பணமும் கடிதமும் தடைப்பட்டமை, தூரத்தை நம்பிய வாழ்வின் நிலையாமையை முதன்முதல் உணர்த்திற்று.

முதுமையில் மலர்ந்த பணிகள்

இளைப்பாறுதல் அறிவின் முடிவன்று என்பதற்கு வட்டுக்கோட்டையோடு தொடர்புடைய அறிஞரே சான்றாவர். செமினறி மாணவரும் யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியருமான ஜே. ஆர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை (1820–1896), தமிழ்ப் புலவர் நானூற்றுக்கு மேற்பட்டோரின் வரலாறு கூறும் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலை 1886 இல் வெளியிட்டபோது அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். செமினறியிற் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தது ஐம்பது வயதின் பின்னராகும். வட்டுக்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன், 'கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு' நூலை 1967 இல் வெளியிட்டபோது அறுபதைத் தாண்டியவர். ஏடுகளை ஒப்புநோக்குதலும், பலநாட் கற்றவற்றைத் தொகுத்து முறைப்படுத்தலும் விரைவை வேண்டாதவை. படிந்த அறிவையே வேண்டுபவை. அவ்வகைப் பணிகள் முதுமையில் மலர்ந்தமை வியப்பன்று.

உடலின் தளர்ச்சியும் சமூக மதிப்பும் எதிரெதிர்த் திசையிற் செல்லக்கூடும் என்பதற்கும் இவ்வூரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைப் பண்ணாகத்திற் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் அப்போது எழுபத்தெட்டு வயதினர். பாக்கின்சன் நோயால் நெடுங்காலம் வருந்தியவர். உரத்துப் பேச இயலாத ஒருவரைச் சுற்றி ஒரு பெருங்கூட்டம் திரண்டது. அவரைத் 'தந்தை' என உறவுப்பெயராலேயே மக்கள் அழைத்தமை, முதுமைக்கு அச்சமூகம் அளித்த இடத்தைக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார்.

இடப்பெயர்வும் தனிமையும்

இலங்கையில் ஆயுட்காலம் நீடித்த வேகம் பெரிது. மலேரியா ஒழிப்பும் மருத்துவ வசதிகளும் பெருகிய வேளையில், 1946 இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. 1981 இற் சனத்தொகையில் 6.6 வீதமாக இருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2012 இல் 12.4 வீதமாயினர். இவ்வாறு முதியோர் பெருகிய அதே காலத்தில் வட்டுக்கோட்டை போன்ற ஊர்கள் தம் இளைஞரை இழந்தன.

1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் கனடா, பிரித்தானியா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளை நோக்கி இளைஞர் சென்றனர். 1995 ஒக்டோபர் 30 அன்று தொடங்கிய பேரிடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ அனைவரும் தென்மராட்சிக்கும் அப்பாலும் பெயர்ந்தனர். நடக்கமுடிந்த முதியோர் நடந்தனர். இயலாதோர் மிதிவண்டியிலும் வண்டிலிலும் ஏற்றப்பட்டனர். 'சாவதாயின் என் வீட்டிலே சாகிறேன்' என வர மறுத்தோரும் உளர். இளையவர்க்கு இடப்பெயர்வு ஒரு துன்பம். பழகிய படலையும் கிணற்றடியுமே வழிகாட்டியாய் இருந்த முதியவர்க்கு அது நினைவின் நிலமே பெயர்ந்ததற்கு ஒப்பாகும். 1996 இல் மக்கள் ஊர்திரும்பத் தொடங்கினர். 2009 இற் போர் முடிந்தது. சென்ற பிள்ளைகளுட் பெரும்பாலோர் மீளவில்லை.

இதனால் விளைந்தது முன்னொருபோதும் இல்லாத நிலை. சீதன வீடு உண்டு. அதிற் குடியிருக்க வேண்டிய மகள் ரொறொன்ரோவில் அல்லது லண்டனில் இருக்கிறாள். பணத்துக்குக் குறைவில்லாத வீடுகளும் பல. ஆயின் பணம் கடல்கடந்து வரும். இரவில் ஒரு செம்பு நீர் எடுத்துக் கொடுக்கும் கை கடல்கடந்து வாராது. பிள்ளைகளோடு சென்று வாழ முயன்றோருட் சிலர், மொழி அறியாத நாட்டில் மாடிக் குடியிருப்பின் நான்கு சுவருக்குள் அடைபட்டு மீண்டனர். போரிற் கணவரையும் பிள்ளைகளையும் இழந்த முதிய பெண்களுக்கோ பணமும் இல்லை, துணையும் இல்லை. கைதடி அரச முதியோர் இல்லம் போன்றவை இத்தகையோருக்குப் புகலிடமாயின. முன்னாளில் முதியோர் இல்லம் என்ற சொல்லையே இழுக்காகக் கருதிய சமூகம், இன்று அதனைத் தேவையாக ஏற்கும் நிலைக்கு வந்துள்ளது. முதியோர் இங்கே சமூகத்திலிருந்து விலகவில்லை. சமூகமே அவர்களை விட்டுப் பெயர்ந்தது. விலகலை முதுமையின் இயல்பெனக் கொண்ட கொள்கை வட்டுக்கோட்டைக்குப் பொருந்தாமை இதனாற் புலனாகும்.

முடிவுரை

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது எனவும் அவர் தேவைகளைக் கவனித்தல் பிள்ளைகளின் கடமை எனவும் விதித்து, பராமரிப்புக் கோருதற்கு ஒரு சபையையும் ஏற்படுத்தியது. நன்கொடையாகச் சொத்தைப் பெற்றுப் பெரும் நன்றிகேடு செய்தோரிடமிருந்து அதனை மீளப்பெற 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. 1707 இற் தேசவழமை கவனித்த அதே சிக்கலை இச்சட்டங்களும் கவனிக்கின்றன. சொத்தையும் பணத்தையும் பற்றிய கடமையைச் சட்டம் விதிக்கலாம். அருகில் இருத்தலை அது விதித்தல் அரிது.

காணி முதியோர்க்கு அதிகாரத்தைத் தந்தது. இளைப்பாற்றுச் சம்பளம் தன்மானத்தைத் தந்தது. வெளிநாட்டுப் பணம் வசதியைத் தந்தது. பிசிராந்தையார் கூறிய துணையை இவற்றுள் எதுவும் தனித்துத் தரவில்லை. அத்துணை முன்னாளிற் குடும்பத்தின் அண்மையால் தானாக அமைந்தது. இனி அதனை ஊர் முயன்று அமைத்தல் வேண்டும். கண்புரைக்கும் செவிக்குறைவுக்கும் காலத்திற் சிகிச்சை கிடைக்கச் செய்தல், தனித்திருப்போர் வீட்டுப் படலையை நாளொருமுறை அயலார் திறந்து பார்த்தல், வாசிகசாலையும் பாடசாலையும் முதியோரின் நினைவிலுள்ள ஊர் வரலாற்றைக் கேட்டுப் பதிதல் என்பன பெருஞ்செலவை வேண்டாதவை. காணியுடையோர்க்கும் சம்பளம் பெற்றோர்க்கும் மட்டும் உரியதாக இருந்த மதிப்பான முதுமையை, ஏதுமற்ற முதியோர்க்கும் உரியதாக்குதலே இவ்வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பகுதியாகும்.